முதல் பிளேட்டா, மறு பிளேட்டா?

2023-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாம் 4,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு கறுப்புத் தட்டை வாங்கிக்கொண்டு புளியந்தோப்புக்குத் திரும்பி வந்தோம். பழைய செய்தித்தாளில் சுற்றி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் யாருடைய முழங்கையும் பட்டுவிடாதபடி மார்போடு அணைத்துக் கொண்டுவந்த அந்தப் பொருளை மேஜைமேல் வைத்ததும் வீட்டு அம்மாள் வந்து பார்த்தாள்.

"இது கிட்டப்பா பிளேட்டுதானே?"

"ஆமாம்."

"நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே, அந்தப் பாட்டா?"

"அதே பாட்டுத்தான்."

"அப்படியானால் அதில் ஒரு மாதிரியும் இதில் ஒரு மாதிரியும் பாடியிருக்கிறாராக்கும்?"

"இல்லை. பாடியது ஒரே தடவைதான். அது பிற்காலத்தில் அழுத்திய பிளேட்டு. இது முதலில் அழுத்தியது."

அம்மாள் சற்று நேரம் அந்தத் தட்டையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "இந்த மாதம் காஸ் சிலிண்டர்காரர் வந்தால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, இருபது வருஷமாக வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒலி, ஒளி, உஷ்ணம் ஆகியவற்றைப் பற்றிப் பிரசங்கம் செய்து வருகிற நமக்கு, நம் வீட்டுக் கூடத்தில் எழுந்த இந்தச் சின்னக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் போயிற்று. அப்புறம் வெள்ளம் வந்தது. வேறு சில காரியங்களும் நடந்தன. இப்போது ஒருவாறு விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதற்கு முன்னால், நாம் செய்த ஒரு குற்றத்தை வாசகர்களிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

நம்முடைய தாத்தா பி. அண்டு சி. மில்லில் தறி ஓட்டியவர். அந்த மில் 1996-ல் மூடப்பட்டுவிட்டது; ஆனால் புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் பட்டாளத்திலும் உள்ள எத்தனையோ குடும்பங்கள் அதன் சங்கு ஊதிய நேரத்துக்கு எழுந்து, அதன் சம்பளத்தில் சாப்பிட்டு வளர்ந்தவை. 1949-ல் கைக்கு வந்த போனஸ் பணத்தைத் தாத்தா நேரே மூர் மார்க்கெட்டுக்கு எடுத்துச் சென்று, யாரோ உபயோகித்துக் கழித்த ஒரு பெட்டி கிராமபோனையும், ஆறு பிளேட்டுகளையும் வாங்கி வந்தாராம். ஆயாவுக்கு அப்போது புது மணப்பெண் வயது. ஆறு பிளேட்டுகளில் ஒன்று, எஸ். ஜி. கிட்டப்பா பாடிய அருட்பா விருத்தம். வெள்ளிக்கிழமை அந்தியில் விளக்கேற்றிய பிறகு அதை ஒரு தடவை வைப்பது வீட்டு வழக்கம். ஒரு தடவைதான்; இரண்டாம் தடவை வைத்தால் பிளேட்டு தேய்ந்துபோகும் என்று தாத்தாவின் கட்டளை.

1988-ம் வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பிளேட்டுகளையெல்லாம் எடுத்துப் பாயின்மேல் பரப்பியிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையாகிய நாம், வழக்கம்போல் பின்னால் பார்க்காமல், அந்தப் பாயின்மேல் உட்கார்ந்தோம். 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆறு பிளேட்டுகளில் உடைந்தது ஒன்றே ஒன்று. எது என்று சொல்லத் தேவையில்லை. ஆயா ஓடி வந்தவள், "குத்திச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு பாதிகளையும் எடுத்து, ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றித் தன் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். இதற்காக நாம் ஓர் அடியாவது வாங்கியிருந்தால், பிற்காலத்தில் இவ்வளவு பணம் செலவழித்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறோம்.

செங்கோட்டைக் கிட்டப்பாவைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்வது அவசியம். அவர் 1906-ல் பிறந்தார். 1933-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி, இருபத்தேழாவது வயதில் காலமானார். தமிழில் பேசும் படம் 1931-லேயே வந்துவிட்டது. ஆயினும் கிட்டப்பா ஒரு படத்திலும் தோன்றவில்லை. நாடக மேடையில் அவர் எட்டிப் பிடித்த சுருதியை நேரில் கேட்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆகவே, அவருடைய சாரீரத்துக்கு இன்று எஞ்சியுள்ள சாட்சி, மூன்று நிமிஷம் ஓடும் சில அரக்குத் தட்டுகள்தான். அருட்பா பாடிய வள்ளலாரோ நமக்கு அடுத்த பேட்டைக்காரர். ஏழுகிணற்றில் வசித்து, கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்தவர். எனவே, அந்த விருத்தம் எங்கள் வீட்டில் தேவாரத்துக்குச் சமானமாக இருந்ததில் வியப்பில்லை.

கலாசாலையில் படித்த காலத்தில், 1999-ல், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தபோது பழைய பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடினோம். மூர் மார்க்கெட் 1985-ம் வருஷம் மே மாதம் எரிந்துபோன பிறகு, அங்கிருந்த பழைய புத்தக வியாபாரிகளும் ரிக்கார்டு வியாபாரிகளும் பக்கத்திலேயே அல்லிக்குளம் கட்டடத்துக்குக் குடியேறியிருந்தார்கள். அங்கே ஒரு நீண்ட நேரம் ஓடும் எல்.பி. ரிக்கார்டு கிடைத்தது. கிட்டப்பாவின் பாட்டுகளைப் பழைய பிளேட்டுகளிலிருந்து மாற்றிப் பதிந்த மறு வெளியீடு. அதில் நம்முடைய விருத்தமும் இருந்தது. நண்பர் ஒருவர் வீட்டுப் பிளேயரை இரவல் வாங்கிவந்து ஆயாவுக்குப் போட்டுக் காட்டினோம். ஆயா கடைசிவரையில் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "நல்லாத்தான் பாடறாரு. ஆனா நம்ம ஊட்ல பாடினவரு இவரு இல்ல" என்றாள்.

அன்று நமக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால் ஆயா சொன்னது அவ்வளவு தவறில்லை. பழைய பிளேட்டில் ஊசி உராயும் இரைச்சல் உயர்ந்த ஸ்வரங்களின் பக்கத்திலேயே இருக்கிறது. இரைச்சலை வடிகட்டும்போது, ஸகாரமும் ஷகாரமும் கூடவே வடிந்து போகின்றன. நம்மிடமுள்ள எல்.பி.யில் கிட்டப்பா வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது. பாட்டு முடிகிற இடத்தில் ஆர்மோனியம் இழுத்து நிற்பதையும், மறு வெளியீட்டார் ஓசைப்படாமல் கத்தரித்துவிட்டார்கள். ஆயாவின் காது அந்தக் கடைசி இழுப்புக்காகக் காத்திருந்தது.

ஆகையினால், அரக்குப் பிளேட்டே வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அந்தப் பிளேட்டு எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால்தான் முதலாவது எது, மறு பிரதி எது என்பது விளங்கும். வித்வான் பாடும்போது மெழுகுத் தட்டில் ஒரு வரி விழுகிறது. அந்த மெழுகின்மேல் மின்சார முலாம் பூசி உரித்தால், வரி மேடாக நிற்கும் உலோகத் தகடு கிடைக்கும். தொழிலாளர்கள் இதற்குத் 'தகப்பன்' என்று பெயர் வைத்தார்கள். தகப்பன்மேல் முலாம் பூசி உரித்தால் 'தாய்'. தாயிலிருந்து எடுப்பது 'மகன்'. இந்த மகன்தான் அச்சு. சூடாக்கி இளகிய அரக்குக் கலவையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பிளேட்டு தயார். மகன் சில நூறு பிளேட்டுகள், மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம் அழுத்துவான், அப்புறம் தேய்ந்துவிடுவான். தாய் மறுபடியும் ஒரு மகனைக் கொடுப்பாள். ஜனங்கள் கேட்கிற வரையில் இந்த வமிசம் நடந்துகொண்டே இருக்கும். வித்வான் மறைந்து பத்து இருபது வருஷம் ஆன பிறகும் புதுப் பிளேட்டு கடைக்கு வருவது இப்படித்தான். இந்தியாவில் இந்த 78 சுற்றுப் பிளேட்டுகள் 1960-களிலும் விற்பனையாகிக் கொண்டிருந்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிளேட்டுக்கு மூலமாகிய அரக்கு நம் தேசத்துக் காட்டு மரங்களில் ஒரு பூச்சி வைக்கும் பிசின். சோட்டா நாகபுரிக் குடிமக்கள் அதைச் சுரண்டிச் சேர்த்தார்கள். கல்கத்தாவில் 1902-ல் கௌஹர் ஜான் பாடினார். அதைப் பதிந்தவர் லண்டனிலிருந்து வந்த பிரெட் கெய்ஸ்பர்க். பிளேட்டாக அழுத்தியது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில். பாடியவர் யார் என்று அங்குள்ள தொழிலாளருக்குத் தெரிய வேண்டுமென்று, பாட்டின் முடிவில் அந்த அம்மாள் தம் பெயரை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். அரக்கும் நம்முடையது, சாரீரமும் நம்முடையது. சரக்குக் கப்பலில் போய்த் திரும்பி வந்த பிறகு விலை மட்டும் அவர்களுடையது! பருத்தியைக் கொடுத்துத் துணியை வாங்கிய கதையே இதுவும். 1908-ல் கல்கத்தாவில் பிளேட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1928-ல் டம்டமில் பெரிய தொழிற்சாலை வந்தது. 1935-ல் பம்பாயில் 'யங் இந்தியா' என்ற பெயரில் சுதேசி முதலாளிகளே பிளேட்டு அழுத்தத் தொடங்கினார்கள். சேகரிப்போர் நாய்ப் படம் போட்ட லேபிளுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது அந்தச் சுதேசிப் பிளேட்டுகளுக்கும் கொடுக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

நம் கதைக்கு வருவோம். 2022-ல் ஒரு நடைபாதைக் கடையில், குழாய் ரிஞ்சுகளுக்கும் உடைந்த மிக்ஸிகளுக்கும் இடையே, கிட்டப்பாவின் அதே விருத்தம் அகப்பட்டது. விலை 150 ரூபாய். லேபிள் பிற்காலத்தது, ஆனால் பிளேட்டு கண்ணாடிபோல் பளபளவென்றிருந்தது. யார் வீட்டிலோ வாங்கி வைத்துக் கேட்காமலே இருந்துவிட்டார்கள் போலும். அதோடு நாம் திருப்தி அடைந்திருக்க வேண்டும். ஆனால் சேகரிப்பு என்பது சொறி மாதிரி; ஓரிடத்தில் ஆரம்பித்தால் அங்கே நிற்காது. அடுத்த வருஷம் ஒரு வியாபாரி நம்மைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "வாத்தியாரே, இது கிட்டப்பா உயிரோடு இருந்த காலத்துப் பிளேட்டு. உங்களைத் தவிர வேறு யாருக்கும் காட்டமாட்டேன்" என்றார். அந்த வாசகத்துக்கே 2,000 ரூபாய் கொடுத்தோம் என்று நினைக்கிறோம். மீதி 2,500-தான் பிளேட்டுக்கு.

வியாபாரி பொய் சொல்லவில்லை. அது முதல் பிளேட்டுத்தான். ஆனால் வீட்டில் வைத்துக் கேட்டபோது, கடுகு தாளிக்கும் அடுப்பங்கரைக்குள் கிட்டப்பா அகப்பட்டுக்கொண்டதுபோல் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வரிகள் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தன. அதன் காரணம் எளிது. கிராமபோனின் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் கனம். அந்தக் கனம் முழுவதும் ஓர் எஃகு ஊசியின் முனையில் நிற்கும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது கம்பெனியின் விதி. நம் ஜனங்கள் அந்த விதியை எங்கே பின்பற்றினார்கள்? நம் தாத்தாவே ஊசியைத் தீக்குச்சிப் பெட்டியின் பக்கத்தில் உரசித் தீட்டி ஒரு வாரம் ஓட்டினவர். எந்தப் பிளேட்டை ஜனங்கள் உயிருக்குயிராக நேசித்தார்களோ, அந்தப் பிளேட்டுத்தான் அதிகமாகத் தேய்ந்தது. யாருக்கும் பிடிக்காத பிளேட்டு அறுபது வருஷமானாலும் புத்தம் புதிதாக இருக்கிறது.

இருந்தாலும் முதல் பிளேட்டை நாம் குறை சொல்லி முடித்துவிட முடியாது. ஆரம்பத்தில் அவர் மெல்லிய குரலில் எடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கனத்த ஓசை இல்லாததால் ஊசி அங்கே அதிகமாக அறுக்கவில்லை. அந்தப் பகுதியில், முதல் சொல்லுக்கு முன்னால் அவர் மூச்சை உள்ளே இழுப்பது இந்தப் பிளேட்டில் கேட்கிறது. பளபளப்பான மறு பிளேட்டில் அந்த மூச்சு இல்லை. தாயும் மகனுமாகப் பல தலைமுறை இறங்கி வந்ததில் அது மழுங்கிவிட்டது. அதற்குப் பதிலாக, அவர் உச்சத்துக்குப் போகிற இடம் முதல் பிளேட்டில் கிழிந்து கத்துகிறது. மறு பிளேட்டில் வெள்ளிக் கம்பிபோல் நீண்டு நிற்கிறது. வீட்டு அம்மாளுடைய கேள்விக்குப் பாதி விடை இது. ஒரு மூச்சுக்கு 4,350 ரூபாய் அதிகம் கொடுத்தோம். இதை அவளிடம் அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை.

பெரம்பூர் ரெயில்வே காலனிப் பக்கத்தில் நமக்கு ஓர் ஆங்கிலோ-இந்திய நண்பர் இருக்கிறார். என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜாஸ் சங்கீதத்தில் பைத்தியம். நம்முடைய பெருமையையும் துக்கத்தையும் அவரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "மாஸ்டர், உங்களுக்கு முன்னால் இந்தக் குழியில் விழுந்தவன் நான்" என்று சொல்லி, ஒரே படம் போட்ட இரண்டு ரிக்கார்டுகளை எடுத்துக் காட்டினார். மைல்ஸ் டேவிஸ் என்னும் நீக்ரோ மேதை எக்காளம் ஊதி, 1959-ல் நியூயார்க்கில் பதிந்த 'கைண்ட் ஆப் புளூ' என்பது அதன் பெயர். ஜாஸ் உலகத்தில் அதற்கு மேல் புகழ் பெற்ற ரிக்கார்டு இல்லை. மார்ச் மாதம் 2-ந் தேதி மூன்று உருப்படிகளைப் பதிந்தபோது, டேப் யந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறுமல்லவா? ஆகவே முதல் பக்கம் முழுவதும், ஏறக்குறைய கால் கட்டை ஏறிய சுருதியிலேயே வெளியாயிற்று. முப்பத்துச் சொச்சம் வருஷம் உலகம் அதைத்தான் கேட்டது. அதோடு சேர்த்து வாசித்துப் பழக முயன்ற வித்தியார்த்திகள் தங்கள் வாத்தியத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டார்கள். 1992-ல் வந்த மறு வெளியீட்டில்தான் பிழை திருத்தப்பட்டது. முதல் பதிப்பை ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்குகிறவர்கள், பிழையான சுருதியையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

"அப்படியானால் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"தப்பானதைத்தான். பழகிவிட்டது. சரியானதைக் கேட்டால் மைல்ஸுக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் இருக்கிறது" என்றார்.

அவர் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அமெரிக்காவில் ஆதி ஜாஸும் நீக்ரோக்களின் சோக கீதங்களும் பதிந்த பாரமவுண்ட் போன்ற சிறிய கம்பெனிகள், 1930-களின் பொருளாதார மந்தத்தில் மூழ்கியபோது, தாய்த் தகடுகள் பழைய உலோக விலைக்குப் போய்விட்டன. அந்தப் பாட்டுகளுக்கு இனி மறு வெளியீடு வேண்டுமென்றால், யாரோ வீட்டில் தேய்ந்த பிளேட்டிலிருந்துதான் நகல் எடுக்க வேண்டும். நகலைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஊசியை வைத்ததும் புதுத் தட்டின் அமைதி இருக்கும். ஒரு வினாடி கழித்து, திடீரென்று உள்ளே இன்னொரு தட்டின் கரகரப்பு ஆரம்பிக்கும். தட்டுக்குள் தட்டு! அப்படிக் கேட்டால், அது தாய் வழிப் பிள்ளை அல்ல. லேபிளின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அங்கே, மெழுகில் பதிந்த அன்றைக்கே இட்ட எண் இருக்கும். சில பிளேட்டுகளில் தாயின் எண்ணும் மகனின் அடையாளமும்கூட இருக்கும். இங்கிலாந்தில் நாய் மார்க் கம்பெனி, மகனின் எண்ணை எழுத்தாக மறைத்து வைத்தது. 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கமான பத்து இங்கிலீஷ் எழுத்துக்களே ஒன்று முதல் பூஜ்யம் வரையிலான எண்கள். இதைக் கேட்டதும், வகுப்பில் பிள்ளைகள் சங்கேதச் சீட்டு அனுப்புவது நினைவுக்கு வந்தது.

வெற்றிடத்தைப் பார்க்கும் இந்த வித்தை வெறும் பொழுதுபோக்கு என்று அப்போது நினைத்தோம். டிசம்பர் 4-ந் தேதி மிக்ஜாம் புயல் வந்தது. மழைக்காலத்தில் புளியந்தோப்பில் என்ன நடக்கும் என்று பட்டணத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. ஆயாவை மாடி வீட்டாரிடம் ஏற்றினோம், அரிசியை ஏற்றினோம், பிள்ளைகளின் புத்தகங்களை ஏற்றினோம். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதினான்கு பிளேட்டுகளின் நினைவு வந்தபோது நள்ளிரவு.

அரக்கு தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் அதன்மேல் ஒட்டிய காகிதத்துக்கு அந்தத் தைரியம் கிடையாது. தண்ணீர் வடிந்ததும் பார்த்தால், பதினான்கு பிளேட்டுகளும் இருந்தன. ஒன்றின்மேலும் லேபிள் இல்லை. லேபிள்கள் சேற்றோடு கூழாகிக் கதவோரத்தில் ஒதுங்கியிருந்தன. மீட்பு வேலையில் நாம் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறோம், வேறு யாராவது செய்யாமல் இருப்பதற்காக. சேற்றுக் கறையைப் போக்க ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒரு பிளேட்டைத் துடைத்தோம். துணி கறுத்தது, இன்னும் துடைத்தோம், இன்னும் கறுத்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதைப் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிற நாம்தான் இதைச் செய்தோம். நல்ல வேளையாக அது ஒரு ஹாஸ்யப் பிளேட்டு. குளிர்ந்த தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

கிட்டப்பா பிளேட்டுகள் இரண்டும் ஒரே மாதிரி மொட்டையாகக் கூடத்தில் காய்ந்துகொண்டிருந்தன. எண்ணைப் பார்த்தோம்: இரண்டிலும் ஒரே எண், ஒரே கையெழுத்து. ஆகவே மறு பிளேட்டு நகல் அல்ல, அதே தாயின் வமிசம் என்பது உறுதியாயிற்று. அதன் எதிர்ப்புறத்தில் ஒரு பிளேட்டில் சிறிய ஒற்றைக் குறி. மற்றதில் வேறு குறி. இதற்குள் ஆயா மாடியிலிருந்து இறங்கி வந்து, தன் தகரப் பெட்டியைத் திறந்து, நனைந்த சேலைத் துணியைப் பிரித்து, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் நாம் உடைத்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். பாதிகளை ஒட்ட வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். அதிலிருந்த குறி 150 ரூபாய்ப் பிளேட்டின் குறிதான். ஒரே தாய் மட்டுமல்ல. ஒரே மகன் அழுத்திய இரட்டைப் பிள்ளைகள்!

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தாத்தா பிளேட்டு வாங்கியது 1949-ல். கிட்டப்பா காலமாகிப் பதினாறு வருஷம் கழித்து. எங்கள் குடும்பத்தின் ஆதிப் பிளேட்டே மறு பிளேட்டுத்தான். எதற்கு ஈடாக முதல் பிளேட்டைத் தேடி அலைந்தோமோ, அது ஒருநாளும் முதல் பிளேட்டாக இருந்ததே இல்லை.

2024 தை மாதத்தில் மின்சாரப் பிளேயரைப் பழுது பார்த்து, 78 சுற்றுப் பிளேட்டுக்கென்று தனியாக உள்ள தடித்த ஊசியை மாட்டினோம். வேகம் சரிதானா என்று தெரிய, 77 கோடு போட்ட காகித வட்டத்தைச் சுழலவிட்டுக் குழல் விளக்கின் கீழே பார்த்தோம். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. விளக்கு 100 தடவை மின்னும். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 78-க்கு மயிரிழைதான் வித்தியாசம். கோடுகள் நின்றன. ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் 4,500 ரூபாய்ப் பிளேட்டையும், பிறகு இரட்டைப் பிள்ளையையும் போட்டோம். இரண்டாவதைக் கேட்கும்போது ஆயாவின் முகம் மலர்ந்தது. ஆனால் முடிந்ததும் தலையை ஆட்டினாள்.

"இதான் கண்ணு. ஆனா குரல் கீழ எறங்கிப் போயிருக்குது. இவரு இன்னும் மேல நின்னு பாடுவாரு."

தொண்ணூற்றிரண்டு வயதில் காது மந்தமாகியிருக்கும் என்று நினைப்பதுதானே சுலபம்? அப்படித்தான் நாமும் நினைத்தோம். பிறகு, மேற்கூரைப் பலகையில் கிடந்த தாத்தாவின் பெட்டி கிராமபோன் நினைவுக்கு வந்தது. வெள்ளம் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. இறக்கி, தூசி தட்டி, சாவி கொடுத்தோம். ஸ்பிரிங் உயிரோடு இருந்தது. வேகத்தைத் திருத்தும் திருகு மட்டும் துருவேறி ஓர் இடத்தில் இறுகிப் போயிருந்தது. உபயோகமற்ற ஒரு பிளேட்டின் ஓரத்தில் காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினோம். நிமிஷத்துக்கு 83.

78-க்குப் பதில் 83 சுற்றினால் சுருதி அரைக் கட்டைக்குச் சற்று அதிகமாகவே ஏறும். தாத்தாவின் கிராமபோன் வாங்கின நாளிலிருந்தே அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும். ஆயா நாற்பது வருஷம் கேட்ட கிட்டப்பா, செங்கோட்டைக் கிட்டப்பாவைவிட அரைக் கட்டை உயரத்தில் பாடியவர். அதற்காக 78-தான் சத்தியம் என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. அந்தக் காலத்தில் 78 என்பது பெயரளவுக்குத்தான். 75-லும் பதிந்தார்கள், 80-லும் பதிந்தார்கள். ஆர்மோனியம் கட்டைக்குக் கட்டைதான் பேசும், நடுவில் பேசாது என்ற நியாயத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டும் பார்த்தோம். ஆனால் பழைய ஆர்மோனியங்கள் எல்லாம் ஒரே சுருதிக்குச் சேர்த்தவை அல்ல. இரண்டு இரவு உட்கார்ந்து போட்ட கணக்கு, இரண்டு விடைகளைக் கொடுத்தது.

ஆயா கேட்கிறபடி கேட்க வேண்டுமானால், மின்சாரப் பிளேயரின் வேகத்தைக் கூட்டி 83-ல் ஓட்டலாம். மூன்று கிராம் பாரம்தான், பிளேட்டுக்கு ஹானி இல்லை. செய்து பார்த்தோம். ஆயா, "ஆமா, இந்த ஒசரந்தான்" என்றாள். ஆனால் அவள் பார்வை மூலையிலிருந்த கிராமபோன்மேலேயே இருந்தது. "அத்துல வெச்சா என்னா?" என்றாள்.

அதில் வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நூறு கிராம் பாரமும் எஃகு ஊசியும். இந்தச் சமயத்தில் வீட்டு அம்மாள் சொன்ன யோசனை புத்திசாலித்தனமானது: "அந்த 4,500 ரூபாய்ப் பிளேட்டு ஏற்கெனவே தேய்ந்ததுதானே? அதை வைத்துக் கேட்கட்டும். நல்லதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள்." கணக்குப்படி அதுதான் சரி. வைத்தோம். முதல் அடியிலேயே ஆயா கையை அமர்த்தினாள். அவள் கேட்டது, அந்த உச்ச ஸ்வரம் கிழியாமல் நிற்கிற பிளேட்டை. அவளுடைய பிளேட்டை.

புது ஊசி மாட்டி, பளபளப்பான அந்த மறு பிளேட்டை எடுத்து வைத்தோம்.

அது முதல், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய பிறகு ஒரு தடவை. முதல் பிளேட்டு, புதிதாக வாங்கிய இரும்பு பீரோவின் மேல்தட்டில் பஞ்சுறையில் இருக்கிறது. எப்போதாவது இரவில் தனியாக எடுத்து, ஆரம்பத்து அந்த மூச்சை மட்டும் கேட்டுவிட்டு ஊசியைத் தூக்கிவிடுகிறோம். 200 ஊசி கொண்ட ஒரு டப்பா வாங்கினோம். நாற்பத்தொரு வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. நேற்று பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தோம். வெளி ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, இலேசாகச் சாம்பல் படர ஆரம்பித்திருக்கிறது. டப்பாவில் 159 ஊசி பாக்கி இருக்கிறது.